தவிட்டுமேட்டுக்கு வந்த சூறாவளி

தவிட்டுமேட்டுக்காரர்களிடம் எதையும் இரண்டாவது தடவை சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை சொன்னால் போதும். சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்துவிடுவார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது. ஒரு தடவை வெளியூர் ஆள் ஒருவர், "டீ குடிச்சிட்டு வந்திடறேன், இந்தக் கயித்த விட்டுடாதே" என்று மாட்டை ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது நம்ம ஆள் அறுந்த கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். "கயிறு பத்திரமா இருக்குங்க" என்று அவரிடம் கொடுத்தான்.

இந்த ஊரில்தான் வைரக்கண்ணு இருந்தான். உப்பளத்தில் வேலை. நல்ல உழைப்பாளி, பொய் சொல்லத் தெரியாது, பெண்டாட்டி தையல்நாயகி மேல் உயிரையே வைத்திருந்தான். அப்படிப்பட்டவன் ஒரு வருஷமாகத் தானே பொங்கித் தானே தின்றுகொண்டிருந்தான்.

காரணம் கூரை. போன மழைக்காலத்தில் அவன் வீட்டுக் கீற்றுக் கூரை சல்லடையாக ஒழுகியது. தையல்நாயகி ஒழுகுகிற இடத்திலெல்லாம் ஒவ்வொரு பாத்திரமாக வைத்தாள். கடைசியில் சோறு வடிக்கப் பாத்திரம் இல்லாமல் போயிற்று. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒழுகாத கூரையாப் போட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க. மறு பஸ்ஸுல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் பிறந்த ஊர் கீழச்செம்பூர். கீழச்செம்பூர்க்காரர்கள் மகா புத்திசாலிகள். இதைக் கீழச்செம்பூர்க்காரர்களே சொல்லுவார்கள்.

வைரக்கண்ணு ஒரு வருஷம் உப்பு வெயிலில் வெந்தான். பீடியை விட்டான், தீபாவளிக்கு வேட்டி எடுக்கவில்லை. நீல நிறத்தில் புதுத் தகரம் வாங்கி, வீட்டுக்குக் கூரை போட்டான். சாயங்காலத்தில் தெருவில் நின்று அதை அண்ணாந்து பார்ப்பான். பார்க்கப் பார்க்க அவனுக்கு அழுகையாக வரும். கூரை தயார் என்று சொல்லி அனுப்பினான். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன் என்று பதில் வந்தது.

புதன்கிழமை காலையில் மைக் கட்டின ஆட்டோ வந்தது.

"பொதுமக்கள் கவனத்திற்கு! நாளை மாலை நமது பகுதியில் பலத்த சூறாவளி வீசக்கூடும். பறக்கக்கூடிய பொருட்களைக் கட்டிப் போடுங்கள், அல்லது வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் தங்குங்கள். காற்றடிக்கும்போது தரையோடு தரையாகப் படுத்துக் கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். டார்ச் லைட் எரிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒருமுறை ஒத்திகையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்து சொல்லும்வரை யாரும் வெளியே வராதீர்கள்!"

ஊரில் ஒவ்வொருவரும் அவரவர் வழியில் ஆயத்தமானார்கள். அதையெல்லாம் சொல்லப்போனால் பொழுது போதாது. வைரக்கண்ணுவுக்கு மூன்று கூட்டாளிகள். ஊரிலேயே கெட்டியான வீடு அவனுடையது என்பதால் மூவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

மூத்தவர் உத்திராபதி. ஒரு தடவை ரயிலில் மெட்ராஸ் வரைக்கும் போய், இறங்காமல் அதே ரயிலில் திரும்பி வந்தவர். அதனால் உலகம் தெரிந்தவர் என்று ஊரில் பேர். அடுத்தவன் கலியமூர்த்தி. எதையும் சந்தேகம் கேட்காமல் செய்யமாட்டான். மூன்றாவது பக்கிரி. ஆள் மலை மாதிரி இருப்பான். சொன்ன வேலையைப் பாதியில் நிறுத்துகிற பழக்கம் கிடையாது.

"முதல்ல டார்ச்" என்றார் உத்திராபதி. "எரியுதான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க."

டார்ச்சை எரியவிட்டு நடுவில் வைத்து, நால்வரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். எரிந்தது. இன்னும் பார்த்தார்கள். இன்னும் எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோதுகூட முறை வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் அது மங்கி, சிவந்து, அணைந்துபோனது.

"நல்லவேளை, இன்னிக்கே பாத்தோம்" என்றான் கலியமூர்த்தி. "நாளைக்கு இருட்டுல அணைஞ்சிருந்தா என்னா ஆவறது?"

அணைந்த டார்ச்சைப் பத்திரமாக மாடத்தில் வைத்தார்கள்.

அடுத்து ஒத்திகை. இதில்தான் பெரிய விவாதம் வந்தது. ஒத்திகை என்றால் காற்று வேண்டும். காற்றுக்கு எங்கே போவது?

"யாராச்சும் ஒருத்தர் காத்தா இருக்கணும்" என்றார் உத்திராபதி. எல்லோரும் பக்கிரியைப் பார்த்தார்கள்.

பக்கிரிக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படிண்ணே வரணும்?"

"சூறாவளின்னா சுத்திச் சுத்தி வரும். வர்ற வழியில எது இருந்தாலும் தூக்கி அடிக்கும்."

"ஆள் தெரிஞ்சவங்களா இருந்தா?"

"காத்துக்கு ஆள் தெரியுமாடா?"

பக்கிரி தெருமுனைக்குப் போனான். வேட்டியை மடித்துக் கட்டினான். "ஊ..." என்று ஒரு சத்தம் கொடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். முதலில் கலியமூர்த்தி வீட்டுக் கோழிக்கூண்டு போயிற்று. அப்புறம் கொடியில் காய்ந்த துணி, வைரக்கண்ணுவின் தண்ணீர்ப் பானை, உத்திராபதியின் சைக்கிள். வேலியில் ஒரு பாகத்தைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு சுற்றினான். குறுக்கே வந்த கலியமூர்த்தியை இடுப்போடு பிடித்து வைக்கோல் போரில் வீசினான்.

கலியமூர்த்தி வாயில் இருந்த வைக்கோலைத் துப்பிக்கொண்டு எழுந்து வந்தான். "ஏன்டா டேய், என் கூண்டை எதுக்குடா ஒடச்சே?"

உத்திராபதி அவனை அடக்கினார். "காத்துகிட்டப் போயி நியாயம் கேப்பியா? பேசாம தரையில படு."

பக்கிரி தலைசுற்றிப்போய்க் கடைசியில் குளத்துக்குள் விழுந்தான். ஒத்திகை முடிந்தது. சூறாவளி வடக்குத் தெருவில் நுழைந்து, கோழிக்கூண்டு வழியாக வந்து, குளத்தில் விழுந்து அடங்கும் என்று இப்போது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டதில் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வியாழக்கிழமை காலையில் பறக்கக்கூடிய பொருட்களைக் கட்டுகிற வேலை.

"கோழி பறக்குமா?" என்று கலியமூர்த்தி ஆரம்பித்தான்.

"வேலி வரைக்கும் பறக்கும்."

"அப்பக் கட்டணும்."

தெருவில் இருந்த கோழியையெல்லாம் பிடித்து ஒவ்வொன்றையும் ஒரு கல்லோடு கட்டினார்கள். அப்புறம் புறா. அப்புறம், பறப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால், காக்கா. கலியமூர்த்தி மிச்சம் இருந்த ஒரு முழக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பூவரச மரத்தில் ஏறினான். காக்காவிடம் விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னான். மைக்கில் வந்ததையும் சொன்னான். காக்கா அவன் தலையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் பறந்துபோயிற்று.

"அது சம்மதிக்கலண்ணே" என்று இறங்கி வந்தான்.

"நாம சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. இனிமே அதுபாடு" என்றார் உத்திராபதி.

அப்போதுதான் பக்கிரி அந்தக் கேள்வியைக் கேட்டான். "ஏண்ணே, தகரம் பறக்குமா?"

வைரக்கண்ணு சட்டென்று எழுந்தான். போன புயலில் கடலோரத்தில் தகரமெல்லாம் அப்பளம் மாதிரிப் பறந்ததை உப்பளத்தில் எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தான். அண்ணாந்து பார்த்தான். நீலத் தகரம் வெயிலில் பளபளத்தது. நாளைக்குத் தையல்நாயகி பஸ்ஸை விட்டு இறங்கி, தெருவில் நின்று, மேலே பார்த்து, ஒன்றும் இல்லாத வானத்தைப் பார்த்து, அப்படியே திரும்பிப் போகிற காட்சி அவன் கண்முன் வந்தது. உத்திராபதியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எப்படியாச்சும் என் கூரையைக் காப்பாத்திக் குடுங்கண்ணே. இது போச்சுன்னா அவ வரமாட்டா. இன்னொரு வருஷம் என்னால தனியாக் கெடக்க முடியாது."

உத்திராபதி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கட்டிப் போட்டுடலாம். கயிறு எடு."

கயிறு இல்லை. ஊரில் இருந்த கயிறெல்லாம் கோழிகளுக்குப் போய்விட்டது.

நால்வரும் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில் உத்திராபதி விரலைச் சொடுக்கினார். "கட்டிப் போடுங்க, இல்லாட்டி வீட்டுக்குள்ள எடுத்து வையுங்கன்னுதானே மைக்குல சொன்னாங்க?"

"ஆமா."

"கயிறு இல்ல. அப்ப என்னா பண்ணணும்?"

வைரக்கண்ணு அவரைக் கும்பிட்டே விட்டான்.

மளமளவென்று வேலை நடந்தது. பக்கிரி மேலே ஏறி ஆணியையும் போல்ட்டையும் கழற்றினான். முதல் தகரத்தைக் கீழே இறக்கி, வீட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் நுழைத்தார்கள். நுழையவில்லை. தகரம் அகலம், வாசல் குறுகல். சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். கலியமூர்த்தியின் விரல் நசுங்கியதுதான் மிச்சம். மத்தியானம் வரைக்கும் இதே பாடு. கூரையில் பாதி கழன்றுவிட்டது, ஒரு தகரம்கூட உள்ளே போகவில்லை.

உத்திராபதி வீட்டுக்குள் போய் நின்று தலையைச் சொறிந்தார். தற்செயலாக மேலே பார்த்தார். பார்த்தவர் அப்படியே வாயைப் பிளந்தார்.

"டேய் வைரக்கண்ணு, மேல இவ்வளவு பெரிய வழி இருக்கேடா!"

எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். உண்மைதான். வண்டியே இறங்குகிற அளவுக்கு வழி திறந்திருந்தது.

"நேத்து வரைக்கும் இது இல்லையேண்ணே" என்றான் கலியமூர்த்தி.

"இருந்திருக்கும். நாம கவனிச்சிருக்கமாட்டோம்."

மிச்சத் தகரத்தையும் கழற்றி, எல்லாவற்றையும் அந்த வழியாகவே உள்ளே இறக்கினார்கள். பூ மாதிரி இறங்கியது. அறையின் நீள அகலத்துக்குத் தகரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் அடுக்கினார்கள். வைரக்கண்ணு ஒவ்வொன்றையும் தன் வேட்டியால் துடைத்துத் துடைத்து வைத்தான். அவன் மனசில் இருந்த பாரமும் இறங்கிவிட்டது.

பாக்கி இருந்தது ஜன்னல். ஜன்னல் இல்லாத அறையில்தான் தங்க வேண்டும். இந்த அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. பக்கிரி கடப்பாரையால் நாலு போடு போட்டு அதைச் சட்டத்தோடு பெயர்த்துத் தெருவில் வைத்தான்.

கலியமூர்த்திக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஜன்னல் போயிடுச்சு சரி. ஓட்டை இருக்கேண்ணே?"

"ஓட்டையைப் பத்தி மைக்குல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லல."

"பின்னே எதுக்கு இல்லாத வம்பு?"

உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். மேலே வானம் கறுத்து வந்தது. எங்கோ தென்னை மட்டைகள் படபடத்தன. நால்வரும் சுவரோரமாகத் தரையோடு தரையாகப் படுத்தார்கள்.

சூறாவளி வந்தது. ஆனால் தெற்கிலிருந்து வந்தது.

பக்கிரி தலையைத் தூக்கிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, இது தப்பான வழியில வருது! நேத்து நான் வடக்கால வந்தேன். கோழிக்கூண்டுப் பக்கமே போவல பாருங்க!"

"ஒத்திகைக்கு அது வரலயேடா, அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் உத்திராபதி.

காற்று ஊளையிட்டது. மரம் ஒன்று மடமடவென்று சாய்கிற சத்தம் கேட்டது. மழை கொட்டத் தொடங்கியது. அதுவும் அந்தப் பெரிய வழியாக நேராக உள்ளே கொட்டியது. வைரக்கண்ணு பதறிக்கொண்டு எழுந்தான்.

"ஐயோ, கூரை நனையுது! புதுத் தகரம்ணே, துருப் பிடிச்சிடும்ணே!"

உப்பு மூடுகிற பழைய தார்ப்பாய் ஒன்று மூலையில் கிடந்தது. நால்வரும் தவழ்ந்துபோய் அதை எடுத்து, வைரக்கண்ணு வேட்டியால் துடைத்துக்கொண்டே வரத் தகரங்களின்மேல் விரித்தார்கள். விரித்ததும் காற்று அதைப் பிடுங்கியது. அடியில் மேல்தகரம் கடகடவென்று ஆடி, ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டது. வைரக்கண்ணு அப்படியே அதன்மேல் விழுந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

"போனா என்னையும் தூக்கிக்கிட்டுப் போவட்டும்!" என்று கத்தினான்.

அவனுக்கு அப்போது காற்றும் தெரியவில்லை, மழையும் தெரியவில்லை. காலை பஸ் மட்டும்தான் நினைவில் இருந்தது. கூட்டாளிகள் பார்த்தார்கள். முட்டாள்களாக இருந்தாலும் கைவிடுகிற ஆட்கள் இல்லை அவர்கள். மூவரும் வந்து தார்ப்பாயின்மேல் குப்புற விழுந்தார்கள். பக்கிரி விழுந்ததும் தகரம் அடங்கியது.

"அண்ணே, ரெண்டு கையாலயும் தலையை மூடணுமே" என்று கலியமூர்த்தி அந்த நேரத்திலும் கேட்டான். "அப்பத் தார்ப்பாயை யாரு புடிக்கறது?"

உத்திராபதி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "தலையை மூடச் சொன்னாங்க. யாரு தலையை யாரு மூடணும்னு சொல்லல. நீயும் நானும் தார்ப்பாயைப் புடிப்போம். பக்கிரி நம்ம தலையை மூடட்டும்."

"பக்கிரி தலையை?"

"வைரக்கண்ணு மூடட்டும்."

"வைரக்கண்ணு தலையை?"

"அவனுக்குப் பெண்டாட்டி நாளைக்கு வருது. அது மூடட்டும்."

அப்படியே படுத்துக் கிடந்தார்கள். கூரைக்கு மேல் ஆள், ஆளுக்கு மேல் மழை. பொழுது சாய்கிற நேரத்தில் காற்று அடங்கியது. யாரும் அசையவில்லை. ஆட்டோ வந்து சொல்லவில்லையே.

விடிந்தது. பஸ் வரவில்லை, சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. தையல்நாயகி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கீழச்செம்பூரிலிருந்து நடந்தே வந்தாள். வருகிற வழியில் ஒரு வீட்டிலும் கூரை இல்லை. கீற்று, ஓடு, தகரம் எல்லாம் வயலில் சிதறிக் கிடந்தன. தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். சுவர் நின்றது. மேலே வானம் தெரிந்தது.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். "பாவி மனுஷன் வருஷம் பூரா வெந்து போட்ட கூரை போச்சே!"

"போவல தையலு!" என்று உள்ளேயிருந்து வைரக்கண்ணுவின் குரல் வந்தது. "உள்ளதான் இருக்கு!"

அழுகை நின்றது. "நீங்க உள்ளயா இருக்கீங்க? கதவைத் தொறங்க."

"வெளிய வரக் கூடாது. மைக்கு ஆட்டோ இன்னும் வரல."

"நான் உள்ள வரலாமா?"

உள்ளே கொஞ்ச நேரம் ஆலோசனை நடந்தது. "அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல அண்ணி" என்றது கலியமூர்த்தியின் குரல். "ஆனா கதவைத் தொறந்தா வெளிய வந்த மாதிரி ஆயிடும். ஓட்டை வழியா வாங்க."

தையல்நாயகி சேலையைச் செருகிக்கொண்டு ஜன்னல் இருந்த இடத்தில் ஏறி உள்ளே குதித்தாள். நால்வரும் நனைந்து விறைத்துப்போய்த் தார்ப்பாயின்மேல் கிடந்தார்கள். வைரக்கண்ணு எழுந்தான். உள்ளூர ஒரு பயம். கீழச்செம்பூர்ப் பெண்ணாயிற்றே, என்ன கேட்பாளோ? தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கினான்.

உள்ளே நீலத் தகரம் பளபளவென்று இருந்தது. அவள் குனிந்து உள்ளங்கையால் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"ஒழுகிச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு சொட்டு ஒழுகல" என்றான் வைரக்கண்ணு.

அவள் அவனையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது. "வர்ற வழியெல்லாம் ஒரு வீட்டுலயும் கூரை இல்லீங்க. நம்ம வீட்டுல மட்டுந்தான் இருக்கு" என்றாள். வைரக்கண்ணுவுக்கு அந்த ஒரு வார்த்தையில் வருஷக் களைப்பெல்லாம் பறந்துபோயிற்று.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவும் வந்து, எல்லோரும் வெளியே வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. உத்திராபதி சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்டு சுறுசுறுப்பானார். "டேய் பக்கிரி, மேல ஏறு. கலியமூர்த்தி, ஆணியை எடு. மத்தியானத்துக்குள்ள கூரையை மேல மாட்டிடலாம்." அவரே குனிந்து ஒரு தகரத்தைப் பிடித்தார்.

"கீழ வைங்கண்ணே!" என்று தையல்நாயகி போட்ட சத்தத்தில் அவர் கையை விட்டுவிட்டார்.

"ஏம்மா?"

"அறிவு இருக்காண்ணே உங்களுக்கு? இவ்வளவு நல்ல கூரையைக் கொண்டுபோய் மேல போடுறதா? வெயில்ல காஞ்சு, மழையில நனைஞ்சு, காத்துல ஆடி, ரெண்டே வருஷத்துல பாழாப் போயிடும். இதுக்குத்தான் எங்க வீட்டுக்காரர் உப்புல வெந்தாரா? வீட்டுக்குள்ள வச்ச பொருள் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

உத்திராபதி தலையில் அடித்துக்கொண்டார். மெட்ராஸ் வரைக்கும் போய் வந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. கீழச்செம்பூர் மூளை கீழச்செம்பூர் மூளைதான் என்று மூவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

தையல்நாயகி தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் செருகிவிட்டு, ஓட்டை வழியாக வெளியே வந்தாள். பூவரச மரத்தடியில் அடுப்பு மூட்டினாள். ஒரு வருஷம் கழித்துப் பெண்டாட்டி கையால் வைரக்கண்ணு சுடச்சுடச் சோறு தின்றான்.

சேதம் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். மரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்களைப் பார்த்து, "ஏம்மா, வீடு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு ஒண்ணும் இல்லீங்க சார், நல்லாத்தான் இருக்கு."

"பின்னே ஏன் வெளியே கிடக்கிறீங்க?"

"உள்ள இடம் இல்லீங்களே. கூரை இருக்கே" என்றாள் தையல்நாயகி.

அதிகாரி அவளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடைக்குள் மரத்தடியில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இலையெல்லாம் சொட்டியது, குடையும் ஓரிடத்தில் சொட்டியது. வைரக்கண்ணுவுக்குப் பழைய பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"தையலு, ஒழுகுதா?" என்று கேட்டான்.

தையல்நாயகி எழுந்து, கொட்டுகிற மழையில் ஓடி, ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, தார்ப்பாய்க்குள் கையை விட்டுத் தடவிவிட்டு, தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மரந்தாங்க ஒழுகுது. நம்ம கூரை ஒரு சொட்டு ஒழுகல."